சுமைதாங்கிக் கல்லும் வளைகாப்புப் பாட்டும்



ரெண்டு வாரமா இங்க எதுவும் எழுதல. வாழைக்கு முட்டுக் கொடுக்கிற வேலை. பூவன் தார் இந்த வருஷம் நல்ல கனமா இறங்கியிருக்கு. ஆடிக் காத்துக்கு முட்டு இல்லன்னா மரம் தாரோட சாஞ்சிடும். ஒரு வருஷப் பாடு ஒரே ராத்திரியில போயிடும்.

முட்டுக்கம்பு ஏத்திக்கிட்டுப் போறப்போ, வாய்க்கால் திருப்பத்துல சுமைதாங்கி கிட்ட வண்டிய நிறுத்தி தண்ணி குடிச்சோம். கூட வந்த தம்பி மகன் காலேஜ் படிக்கிறான். "பெரியப்பா, இது என்ன கல்லு? அந்தக் காலத்து பஸ் ஸ்டாப்பா?"ன்னு கேட்டான். சிரிச்சிட்டேன். அப்புறம் யோசிச்சா அவன் மேல தப்பில்ல. அம்பது வருஷம் அந்தக் கல்ல தாண்டிப் போய் வந்த எனக்கே, அது யாரோட கல்லுன்னு தெரிஞ்சது 2018லதான். என் மக வயித்துல பிள்ளையோட வீட்டுல இருந்த வருஷம் அது. ரொம்ப நாளா எழுதணும்னு மனசுல கிடந்தத இன்னைக்கு எழுதிடறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

சுமைதாங்கின்னா என்ன

பாக்காதவங்களுக்காகச் சொல்றேன். ரெண்டு கல்ல செங்குத்தா நட்டு, மேல ஒரு கல்லக் குறுக்கப் படுக்க வெச்சிருப்பாங்க. தலைச்சுமையோட நடந்து வர்ற ஆள், குனியாம, யார் ஒத்தாசையும் இல்லாம, சுமைய அப்படியே நகத்தி வைக்கிற உயரம். விறகுக் கட்டு, நெல்லு மூட்டை, சந்தைக் கூடை எதுவானாலும் இறக்கி வெச்சிட்டு, இளைப்பாறிட்டு, திரும்ப தலைக்கு மாத்திக்கிட்டுப் போகலாம். ரோடும் வண்டியும் வராத காலத்துல அது பெரிய உபகாரம்.

இதை யார் பேர்ல நட்டாங்கங்கறதுதான் விஷயம். வயித்துல பிள்ளையோட, பெத்துப் பிழைக்க முடியாம செத்துப்போன பொம்பளைங்க நினைவா நட்டதுதான் பெரும்பாலும். அவ தன் சுமைய இறக்காமலே போயிட்டா. வழியில போறவங்க இந்தக் கல்லுல சுமைய இறக்கி "அப்பாடா"ன்னு மூச்சு விடறப்போ, அவ ஆத்மாவும் கொஞ்சம் ஆறும்னு நம்பிக்கை. தமிழ்நாடு முழுக்க ஊர் எல்லையிலயும் பழைய வண்டிப்பாதையிலயும் இந்தக் கல்லுங்கள இன்னைக்கும் பாக்கலாம். சிலதுல எழுத்து வெட்டியிருக்கும். எங்க கல்லுல எழுத்து எதுவும் இல்ல.

அந்தக் காலத்துல ஒரு பொண்ணு முழுகாம இருக்கான்னா வீடே சந்தோஷப்படும். ஆனா அந்தச் சந்தோஷத்துக்கு அடியில ஒரு பயம் ஓடிக்கிட்டே இருக்கும். தண்ணிக்குப் போற வழியிலயே அந்தக் கல்லு நின்னா எப்படிப் பயம் வராம இருக்கும்? அந்தப் பயத்த நம்ம ஜனம் என்ன பண்ணாங்கங்கறதுதான் இந்தக் கட்டுரை.

மக வீட்டுக்கு வந்தது

2018 ஆடியில என் மகளுக்கு நாலாம் மாசம். அதுக்கு முந்தின வருஷம் ஒரு தடவை உண்டாகி, அஞ்சாம் மாசத்துல கலைஞ்சுபோச்சு. அதனால இந்தத் தடவை டாக்டரம்மா அலையக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. மாப்பிள்ளைக்கு ஓசூர்ல ஷிப்ட் வேலை, அவ தனியா இருக்க வேணாம்னு நாங்களே போய்க் கூட்டிக்கிட்டு வந்தோம்.

வந்தவ பேசல. கேட்டதுக்குப் பதில் சொல்லுவா, அவ்வளவுதான். எந்நேரமும் கையில போன். சினிமா பாக்கறான்னு நினைச்சேன். ஒரு நாள் என் வீட்டுக்காரம்மா தற்செயலா பாத்திருக்கா. என்னென்ன ஆனா கரு கலையும், அதுக்கு என்ன அறிகுறின்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தேடித் தேடிப் படிச்சிருக்கா. வயித்துல கை வெக்கவே மாட்டா. மாசம் ஏற ஏற எல்லாரும் தன்னை அறியாம வயித்தத் தடவிக்குவாங்க இல்லையா, இவ கைய மடியில கட்டி வெச்சுக்குவா.

எங்க வீட்டுல அப்போ எங்க அத்தை இருந்தாங்க. எங்கப்பாவோட தங்கச்சி. கல்யாணமாகி, இருபத்திரண்டு வயசுல தாலி அறுத்து, பொறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவங்க. பிள்ளை கிடையாது. 2018ல அவங்களுக்கு எழுபத்தெட்டு வயசு. என் மக "அத்தப்பாட்டி"ன்னு கூப்பிடுவா. சுத்துவட்டாரத்துல அத்தை அளவுக்குக் கோலமும் பாட்டும் தெரிஞ்சவங்க கிடையாது. ஆனா கண்ணு போயிடுச்சு. புரை எடுத்தும் ஒரு கண்ணுலதான் கொஞ்சம் தெரியும். கோலம் போடறத விட்டு நாலஞ்சு வருஷமாயிருந்துது.

ஒரு நாள் மத்தியானம் அத்தை மகள்கிட்ட வந்து உக்காந்தாங்க. "ஏன்டி தங்கம், நான் செத்தா என் கோலமெல்லாம் என்னோட போயிடும். நீ ஒரு நோட்டுல எழுதிக்கயேன்"னாங்க. அவளுக்கு ஆறுதல்னு ஒரு வார்த்தை சொல்லல. தனக்கு ஒரு உதவி மாதிரிதான் கேட்டாங்க. இவளால மறுக்க முடியல. எண்பது பக்க நோட்டு ஒன்னு வாங்கிட்டு வந்தேன். அத்தை கண்ண மூடிக்கிட்டு, "நேர்ப்புள்ளி பதினஞ்சு, ஒன்னுல நிறுத்து. இப்போ நடுப்புள்ளியச் சுத்தி ஒரு வளைவு. அடுத்த புள்ளிய விட்டுட்டு வா"ன்னு சொல்லச் சொல்ல இவ போட்டா. தப்பு வந்தா கோடு முடியாது, எங்கயோ தொங்கி நிக்கும். திரும்ப அழிச்சுப் போடணும். ஒரு கோலத்துக்கு ஒரு மணி நேரம் போயிடும். அந்த ஒரு மணி நேரமும் போன் அலமாரியில கிடக்கும்.

பழைய ஜனம் எழுதி வெச்சது

அந்த மாசங்கள்லதான் இதைப் பத்தி நானும் தேட ஆரம்பிச்சேன். எங்க ஊர்ல ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருத்தர் இருக்கார். அவர் குடுத்த புத்தகங்கள்ல பாத்ததச் சுருக்கமா சொல்றேன்.

சங்கப் பாட்டுல மசக்கைக்கு வயான்னு பேரு. புறநானூற்று 20ஆம் பாட்டுல குறுங்கோழியூர் கிழார் ஒரு சேர ராஜாவப் பாடறப்போ, உன் நாட்டு மண்ண மசக்கைக்காரிங்க ஆசைப்பட்டுத் தின்னா உண்டு, பகைவன் எவனும் உண்ண முடியாதுங்கற கருத்துல பாடியிருக்கார். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின பொம்பளைங்களும் மண்ணுதான் தின்னிருக்காங்க. (இந்தக் காலத்துல யாராவது மண்ணு, சாம்பல், பச்சரிசின்னு தின்னா ரத்தத்துல இரும்புச்சத்து இருக்கான்னு பாக்கச் சொல்றாங்க. பாத்துக்குங்க.)

குறுந்தொகை 287ல கச்சிப்பேட்டு நன்னாகையார் தண்ணி நிறைஞ்ச மேகத்த, நடக்க முடியாம அசைஞ்சு நிக்கிற, பச்சைப் புளிக்கு ஏங்கற நிறைமாசப் பொம்பளைங்களுக்கு ஒப்பிடறாங்க. பாடினவங்க ஒரு பொம்பளை. அந்த அலுப்பும் புளிப்பு ஆசையும் அவங்களுக்குத்தான் தெரியும்.

வடமொழிப் பக்கம் சீமந்தம். சீமந்தம்னா வகிடு. ஆச்வலாயன கிருஹ்ய சூத்திரத்துல நாலாம் மாசம் செய்யற சடங்கா இது வருது. புருஷன் பொண்டாட்டிக்குப் பழுக்காத அத்திக்காய்க் கொத்தும் முள்ளம்பன்றி முள்ளும் தர்ப்பையும் வெச்சு வகிடு எடுக்கணும். அடுத்து வர்றதுதான் எனக்கு ஆச்சரியமா இருந்துது. வீணை வாசிக்கிறவங்க ரெண்டு பேரக் கூப்பிட்டுப் பாடச் சொல்லணும். பாட்டுல அந்தக் குடும்பம் எந்த ஆத்தங்கரையில குடியிருக்கோ அந்த ஆத்தோட பேரச் சேர்க்கணும். அதாவது அவ ஊர் ஆத்த வெச்சே அவளுக்குப் பாட்டு. கடைசியா, வயசான சுமங்கலிப் பொம்பளைங்க என்ன சொல்றாங்களோ அதைச் செய்யணும்னு முடிக்கிறாங்க. சூத்திரம் எழுதின பெரிய மனுஷனே கிழவிங்ககிட்ட விட்டுட்டுப் போயிட்டார். இந்த "சுமங்கலி"ங்கற வார்த்தைய மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

எங்க ஜனத்துல சீமந்த மந்திரம் கிடையாது. வளைகாப்புதான். ஆனா ஆத்துப் பேரச் சேர்க்கிற வழக்கத்த நாங்க வேற மாதிரி வெச்சிருக்கோம். ஆடிப் பதினெட்டுக்கு காவிரியே முழுகாம இருக்கான்னு சொல்லுவாங்க. மசக்கைக்காரிக்கு ஆக்கிக் குடுக்கிற மாதிரி புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காச்சோறு, தயிர்ச்சோறுன்னு கட்டிக்கிட்டுப் போய் ஆத்தங்கரையில வெச்சுக் கும்பிட்டுச் சாப்பிடறது அதுக்குத்தான். ஆடிப்பூரத்தன்னைக்கு அம்மனுக்கே வளைகாப்பு. நெல்லுக்கும் நாம "சூல் கட்டியிருக்கு"ன்னுதான் சொல்றோம். அந்த நேரத்துல வயல காய விட்டா அத்தனையும் பதர். ஒடிசாவுல ஐப்பசி பொறக்கிற அன்னைக்கு "கர்பணா சங்கராந்தி"ன்னு நெல்லு வயலையே கர்ப்பிணியா நினைச்சுக் கொண்டாடறாங்களாம். விவசாயி எந்த ஊரா இருந்தாலும் இந்த விஷயத்துல ஒன்னாத்தான் யோசிச்சிருக்கான்.

இன்னொன்னும் கவனிச்சேன். பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி அதுக்குன்னு எதுவும் வாங்கக் கூடாது, தொட்டில் கட்டக் கூடாது, புதுத்துணி தைக்கக் கூடாதுன்னு நம்ம பக்கம் கட்டுப்பாடு உண்டு. பொறக்கிறதுல பாதி தங்காத காலத்துப் பயம் அது. அப்போ வளையல், பூ, கோலம், ஊஞ்சல், பல்லாங்குழி, பாட்டு எல்லாம் யாருக்கு? தாய்க்குத்தான். பிள்ளைக்கு எதுவும் செய்யாதே, அவளுக்கு எல்லாம் செய்யின்னு வெச்சிருக்காங்க. அவளோட கை சும்மா இருக்கக் கூடாது, காது வெறுமனே இருக்கக் கூடாது. பயம் வந்து குந்தறதுக்கு இடம் விடக் கூடாது.

வளைகாப்புல மொதல்ல போடறது வேப்பங்கொழுந்துல முறுக்கின காப்பு. அப்புறம்தான் கண்ணாடி வளையல். பிரசவம் ஆகற வரைக்கும் கழட்ட மாட்டாங்க. அசைஞ்சா சத்தம் கேக்கும், வயித்துப் பிள்ளைக்கு அது அம்மா சத்தம். பிரசவம் ஆனதும் அந்த வளையல மருத்துவச்சிக்குக் குடுத்துடறது எங்க ஊர் வழக்கம்.

அத்தை நின்ன இடம்

பாட்டுக்கு வர்றேன். வளைகாப்புப் பாட்டு, நலங்கு, ஊஞ்சல்னு பல வகை. அதுல மாசத்துக்கு ஒன்னா வர்ற மசக்கைப் பாட்டு இருக்கே, அதைக் கேட்டா ஆம்பளைங்க தலையத் தொங்கப் போட்டுக்குவோம். மொத மாசம் யாருக்கும் சொல்லாம மறைச்சது, மூணாம் மாசம் வாந்தி, மாமியா கேக்காம விட்டது, புருஷன் புளியங்காய் பறிக்கச் சோம்பல்பட்டதுன்னு ஒவ்வொன்னா வரும். மாமியா எதுக்க உக்காந்திருப்பா. ஆனா பாட்டுல சொன்னதுக்குக் கோவிச்சுக்க முடியாது. பேச முடியாதத பாட்டுல சொல்லிடலாம். அதுக்குத்தான் அந்தப் பாட்டே.

எங்க ஊர்ல அந்தப் பாட்டெல்லாம் அத்தைக்குத்தான் முழுசாத் தெரியும். ஆனா ஒரு வளைகாப்புலயும் அவங்க சபையில உக்காந்தது கிடையாது. 1991ல என் வீட்டுக்காரம்மாவுக்கு வளைகாப்பு. கூடத்துல பாடினவங்களுக்கு நடுவுல அடி மறந்துபோச்சு. கொல்லைப்புறத்துல, மாட்டுக்கொட்டாய் ஓரம் அண்டாவக் கழுவிக்கிட்டிருந்த அத்தை அங்கேர்ந்தே அடுத்த அடிய எடுத்துக் குடுத்தாங்க. சபையில எல்லாரும் அதைப் பிடிச்சுக்கிட்டுப் பாடினாங்க. யாரும் அவங்கள உள்ள கூப்பிடல. நானும் கூப்பிடல. அன்னைக்கு அது எனக்குத் தப்பாவே தெரியலங்கறதுதான் நெசம். சூத்திரத்துல "சுமங்கலி"ன்னு படிச்ச அன்னைக்குத்தான், மாட்டுக்கொட்டாய்ல கேட்ட அந்தக் குரல் எனக்குத் திரும்பக் கேட்டுது. பாட்டு எவ்வளவு பழசோ, பாடறவளத் தள்ளி வைக்கிறதும் அவ்வளவு பழசு.

வெள்ளம் வந்த மாசம்

2018 ஞாபகம் இருக்கா? வருஷக்கணக்கா காஞ்சு கிடந்த காவிரி, ஜூலையில மேட்டூர் 120 அடி நிறைஞ்சு கரை தொட்டு ஓடுச்சு. ஆகஸ்ட்ல முக்கொம்புல கொள்ளிடம் மதகுகள் அடிச்சுக்கிட்டுப் போச்சு. ராத்திரியில ஆத்துச் சத்தம் வீடு வரைக்கும் கேக்கும்.

அந்தச் சத்தத்துல ஒரு நாள் அத்தை தாயுமானவர் கதை சொன்னாங்க. திருச்சி மலைக்கோட்டையில இருக்கிற சாமி. ரத்னாவதின்னு ஒரு செட்டிப்பொண்ணு, தலைப்பிரசவம். அவ அம்மா பூம்புகார்லேர்ந்து கிளம்பி வர்றா. காவிரியில வெள்ளம், அக்கரையிலயே நின்னுட்டா. இவளுக்கு வலி வந்துடுச்சு. சிவனே அந்த அம்மா வேஷத்துல வந்து பிரசவம் பாத்தார்னு கதை. வெள்ளம் வடிஞ்சு நெஜ அம்மா வந்தப்போதான் ரெண்டு அம்மா இருக்கறது தெரிஞ்சுது. அதனாலதான் சாமிக்குத் தாயும் ஆனவர்னு பேரு. சுகப்பிரசவம் ஆகணும்னு இன்னைக்கும் அங்க வாழைத்தார் நேர்ந்துக்குவாங்க. எங்க தோட்டத்துத் தாரும் போயிருக்கு.

கதை முடிஞ்சு கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. நான் திண்ணையில படுத்திருந்தேன். மக கேட்டா: "அத்தப்பாட்டி, போன தடவை போச்சே, அதுக்கு ஏதாவது பாட்டு இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஒரு வருஷமா அதைப் பத்தி வீட்டுல யாரும் வாயத் திறக்கல. "நடந்தத நினைக்காதே"ன்னுதான் எல்லாரும் சொன்னோம். நானும் அதைத்தான் சொன்னேன்.

அத்தை கொஞ்ச நேரம் கழிச்சு, "தனியா எதுக்குடி? பிள்ளைன்னா தாலாட்டுதான்"னு சொல்லிட்டுத் தாலாட்டு பாட ஆரம்பிச்சாங்க. மாமன் சீரு, அத்தை சீரு எல்லாம் வெச்சு, உயிரோட இருக்கிற பிள்ளைக்குப் பாடற மாதிரி முழுத் தாலாட்டு. நடுவுல மக அழற சத்தம் கேட்டுது. பிள்ளை போனப்போ ஆஸ்பத்திரியில கூட அவ அழல. அன்னைக்குத்தான் அழுதா. அத்தை பாட்ட நிறுத்தல. நான் எழுந்து உள்ள போகப் பாத்தேன். என் வீட்டுக்காரம்மா வாசப்படியில நின்னு, வேணாம்னு கையக் காட்டுனா.

மறுநாள் காலையில அவளாவே வந்து "பசிக்குதும்மா"ன்னா.

அப்புறம் ஒரு நாள் அத்தை அந்தக் கல்லப் பத்தியும் சொன்னாங்க. வாய்க்கால் திருப்பத்துச் சுமைதாங்கி எங்க தாத்தாவோட மொதல் சம்சாரம் நினைவா நட்டதாம். அத்தை பொறக்கறதுக்கு முன்னாடியே, ஒன்பதாம் மாசம், பிள்ளையோட போயிட்டாங்களாம். ரெண்டாவதா வாக்கப்பட்டு வந்த எங்க அப்பாயிதான் வருஷம் ஒரு தடவை அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி விளக்கு வெச்சிருக்காங்க. கல்லுல இல்லாத பேர அத்தைதான் எங்களுக்குச் சொன்னாங்க. மக அதைக் கோல நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதி வெச்சா.

ஆராய்ச்சி சொல்றது

இதெல்லாம் கிழவிக் கதைன்னு சொல்றவங்களுக்காக நாலு விஷயம்.

ஆறாம் மாசத்துக்கு மேல வயித்துப் பிள்ளைக்குச் சத்தம் கேக்கும். அமெரிக்காவுல டிகாஸ்பர், ஸ்பென்ஸ்னு ரெண்டு பேர் 1986ல வெளியிட்ட ஆய்வுல, கடைசி ஆறு வாரம் தாய்மார்கள ஒரே கதையச் சத்தமா வாசிக்கச் சொன்னாங்க. பொறந்த பிள்ளைங்க புதுக் கதையவிட அந்தப் பழைய கதையத்தான் கேக்க விரும்பிச்சாம். நம்ம ஊர்ல ஏழாம் மாசம் வளையல் போடற கணக்கு சரியாத்தான் இருக்கு.

தைவான்ல 236 கர்ப்பிணிகள வெச்சு நடந்த ஆய்வு 2008ல வந்துது. ரெண்டு வாரம் தினமும் பாட்டு கேட்டவங்களுக்கு மன அழுத்தமும் பதட்டமும் குறைஞ்சிருக்கு. லண்டன்ல, பிரசவத்துக்கு அப்புறம் மனச்சோர்வுல இருந்த 134 தாய்மார்கள வெச்சு நடந்த ஆய்வு 2018ல வந்துது. சோர்வு அதிகமா இருந்தவங்கள்ல, கூட்டமா உக்காந்து பாடினவங்க சீக்கிரம் தேறினாங்க.

நம்ம வேலூர்ப் பக்கம் கணியம்பாடி வட்டாரத்து ஆய்வு 2002ல வந்துது. கிராமத்துக் கர்ப்பிணிங்க 359 பேரப் பாத்தாங்க. பிரசவத்துக்கு அப்புறம் நூத்துல 11 பேருக்குப் புதுசா மனச்சோர்வு வந்திருக்கு. காரணங்கள்ல வறுமை, மாமியாரோடயும் பெத்தவங்களோடயும் மனஸ்தாபம், ஆம்பளைப் பிள்ளைய எதிர்பாத்து பொம்பளைப் பிள்ளை பொறந்தது, ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது எல்லாம் இருந்துது. நம்ம மசக்கைப் பாட்டுல வர்ற பட்டியலும் ஏறக்குறைய இதேதான்.

ஆனா பாட்டு மருந்துக்குப் பதில் ஆகாது. பாட்டு தெரிஞ்ச ஊர்லதான் சுமைதாங்கியும் நட்டிருக்காங்க. அந்தக் கல்லு இன்னைக்குப் புதுசா நடாம இருக்குன்னா அதுக்கு ஆரம்ப சுகாதார நிலையமும், 2008ல வந்த 108 வண்டியும், மாசா மாசம் வீடு தேடி வர்ற நர்ஸம்மாவும் காரணம். 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டுல ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார்கள் சாகறாங்க, நாடு முழுக்கப் பாத்தா 97. அந்த 54 பேரும் ஏதோ ஒரு வீட்டுப் பொண்ணுதான். தூக்கம் வராம, சாப்பாடு இறங்காம, சாகலாம்னு தோணுதுன்னு ஒரு பொண்ணு சொன்னா கோலம் போடச் சொல்லிட்டு இருக்காதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போங்க. 14416க்கு போன் பண்ணலாம். அரசாங்க மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

ஐப்பசி வளைகாப்பு

ஏழாம் மாசம் ஐப்பசியில வளைகாப்பு வெச்சோம். மக ஒரே பிடியா நின்னா, "மொத வளையல் அத்தப்பாட்டி போடட்டும்"னு. எனக்கு வயித்தக் கலக்குச்சு. சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க, நாளைக்கு ஏதாவது ஆனா யார் தலையில விழும்னு யோசிச்சேன். வாயத் திறக்காம நின்னேன். படிச்சதெல்லாம் அந்த நேரத்துல எங்க போச்சுன்னு தெரியல.

வேணாம்னு சொன்னது அத்தையேதான். "உனக்கு ஒன்னுன்னா நான் தாங்க மாட்டேன்டி. என்னைப் போடச் சொல்லாதே"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. அம்பத்தாறு வருஷமா ஊர் சொன்னத அவங்களும் நம்பியிருந்தாங்க.

மக அழல, சண்டை போடல. "சரி, போட வேணாம். ஆனா எனக்கு எதுக்க உக்காந்து பாடு. கொல்லையிலேர்ந்து பாடினா நான் கை நீட்ட மாட்டேன்"னா. கூடத்துல ஒரு முணுமுணுப்பு வந்துது. அப்போ சம்பந்தியம்மா எழுந்து, தான் உக்காந்திருந்த ஜமக்காளத்துல நகந்து இடம் விட்டு, "வாங்க பெரியம்மா, பாட்டு இல்லாம என்ன வளைகாப்பு"ன்னாங்க. நான் பயந்தது யாருக்கோ, அவங்களேதான் வழி விட்டாங்க.

அத்தை உக்காந்து மசக்கைப் பாட்ட மொத மாசத்துலேர்ந்து எடுத்தாங்க. ஒரு அடி மறக்கல. இளசுங்க போனத் தூக்கிக்கிட்டு ஓடிவந்து பதிவு பண்ணுச்சுங்க. நாலாம் மாசப் பாட்டுல மக தன் வயித்துல கை வெச்சத நான் பாத்தேன்.

தை மாசம், சம்பா அறுப்பு நடக்கிறப்போ பேத்தி பொறந்தா. அரசு ஆஸ்பத்திரியில, சுகப்பிரசவம். தாயுமானவருக்கு ரெண்டு தார் கட்டிட்டு வந்தோம்.

அத்தை 2021ல தவறிட்டாங்க. கோல நோட்டு இருக்கு, நாப்பத்திரண்டு கோலம். போன்ல பதிவு பண்ண பாட்டு இருக்கு. பேத்திக்கு இப்போ அஞ்சு வயசு, ரெண்டு தாலாட்டு தெரியும். அர்த்தம் தெரியாம பொம்மைக்குப் பாடறா.

இப்போ ஊர்ல வளைகாப்பு பெருசா நடக்குது. மண்டபம், போட்டோக்காரர், பலூன், ஸ்பீக்கர்ல சினிமாப் பாட்டு. அரசாங்கமே அங்கன்வாடி மூலமா சமுதாய வளைகாப்பு நடத்துது, ஏழைப் பொண்ணுங்களுக்கும் வளையலும் சோறும் கிடைக்குது, நல்ல விஷயம். ஆனா வளையல் போட்டுக்கிற பொண்ணு பயப்படறாளா, என்ன நினைக்கிறான்னு கேக்க ஆள் இருக்கான்னா, சந்தேகம்தான். முன்னாடி அந்த வேலைய பாட்டு பாத்துச்சு.

உங்ககிட்ட ரெண்டே விஷயம் கேக்கிறேன். உங்க வீட்டுல பாட்டு தெரிஞ்ச பாட்டி யாராவது இருந்தா இந்த வாரமே போன்ல பதிவு பண்ணிக்குங்க. அடுத்த வளைகாப்புல அவங்கள, தாலி இருக்கா இல்லையான்னு பாக்காம, கூடத்துல உக்கார வெச்சுப் பாடச் சொல்லுங்க. நான் 1991ல செய்யாதத நீங்க செய்ங்க.

வாழைக்கு முட்டு வெச்சாலும் தாரச் சுமக்கிறது என்னவோ மரம்தான். காத்து அடிக்கிறப்போ சாயாம இருக்க ஒரு கம்பு கூட நிக்குது, அவ்வளவே. நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்கு அந்தப் பாட்டும் அப்படித்தான்.

தம்பி மகன்கிட்ட கல்லு கதைய முழுசா சொன்னேன். வர்ற ஆடிப் பதினெட்டுக்கு அந்தக் கல்லக் கழுவி மஞ்சள் பூசறோம். பேர் வெட்டலாமான்னு கேட்டான். வெட்டலாம்னு சொல்லியிருக்கேன்.

அடுத்த பதிவுல பூவன் விலை நிலவரத்தப் பாப்போம்.